பாடம் 1945இல் முடிந்துவிடக் கூடாது

சமூக அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பத்தொன்பது வருடமாக அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். போன மாதம் இந்திய தேசிய ராணுவம் பற்றிப் பாடம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையையும் அதன் தலைவி கேப்டன் லட்சுமியையும் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "சண்டை முடிஞ்ச பிறகு அவங்க என்ன பண்ணாங்க டீச்சர்?" என்று கேட்டாள். அவள் வயதில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அன்று நான் படித்த புத்தகத்தில் கேப்டன் லட்சுமிக்கு ஒரே ஒரு வரிதான். அந்த வரியோடு அவர் கதையும் முடிந்தது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அவர் வாழ்ந்தது 97 வயது வரை. அதில் சீருடையில் இருந்தது இரண்டு வருடம் போல.

1914இல் சென்னையில் பிறந்தவர். 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1940இல் சிங்கப்பூர் போய், பிழைக்க வந்த இந்தியத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943இல் நேதாஜி சொல்லி அவர் பெண்கள் படை திரட்டியபோது, மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேர் இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை என்றாலும் மிகையில்லை. அவர்கள் தோட்டத்து ஆண்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் இழுத்துப்போன காலமும் அதுதான். தலைவியின் பெயரோடு இந்தப் பெண்களுக்கும் நாலு வரி கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1945இல் பர்மாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். மறுவருடம் இந்தியா வந்தார். 1947இல் அதே ராணுவத்தில் அதிகாரியாக இருந்த பிரேம் சைகலை மணந்து கான்பூரில் குடியேறியதும், பிரிவினையால் எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கிவிட்டார். 1971இல் வங்கதேசப் போரின்போது வந்த அகதிகளுக்காக எல்லையோர முகாமுக்குப் போனார்.

1984ஐத்தான் என் பிள்ளைகளிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அக்டோபர் 24ஆம் தேதி அவருக்கு எழுபது நிறைந்தது. ஒரு வாரத்தில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். சீக்கியரைத் தாக்கக் கும்பல் கிளம்பியபோது, தன் கிளினிக்கை ஒட்டிய தெருவில் இறங்கி நின்று சீக்கியர் கடைகளில் கைவைக்க விடாமல் தடுத்தார். டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததும் மருத்துவக் குழுவோடு அங்கே போய்விட்டார். வகுப்பு அப்படியே அமைதியாக இருந்தது.

2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்திய வேட்பாளரும் இவர்தான். இதைக் கேட்டுப் பிள்ளைகள் அசந்துபோனார்கள். 92 வயதிலும் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலை 23இல் இறந்தபோது உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

புத்தகத்தில் இடம் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஒரு பத்தி போதும். சீருடைப் படத்துக்குப் பக்கத்தில், வயதான காலத்தில் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் அவர் படம் ஒன்றும் சேருங்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு நான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் வருகிறவர்கள் புத்தகத்தைத் திறந்து படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை