'நறுமணம்' என்ற ஒற்றைச் சொல்

நுகர்பொருள் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. அதற்குள் பருவமடையும் அறிகுறிகள் தெரியவே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "அவளுக்கு என்னென்ன தடவுகிறீர்கள்? எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்றார். ஷாம்பு, லோஷன், பவுடர் என்று ஒரு பை நிறைய எடுத்துப் போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புட்டியையும் கண்ணருகே பிடித்துப் படித்தார். முக்கால்வாசியில் 'நறுமணம்' என்று ஒரு சொல். "இதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாதம்மா" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார்.

இவற்றால்தான் அவளுக்கு இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. மருத்துவரும் சொல்லவில்லை. ஆமா, இல்லை என்று யாராலும் சொல்ல முடியாதபடி விதியை வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். லோஷன் நிறுவனத்துக்குப் போன் செய்தால் 'வணிக ரகசியம்' என்கிறார்கள். பிள்ளையின் உடம்பில் தினமும் தேய்ப்பது பெற்றவளுக்குத் தெரியக்கூடாத ரகசியமா?

வாசனை நிலைத்து நிற்க, ஹார்மோனைக் குழப்பக்கூடிய தாலேட் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பதுண்டு என்பது நீங்கள் அறியாததல்ல. ஹார்மோன் துளியூண்டு அளவிலேயே வேலை செய்யும் என்பதும், அதைக் குழப்புவதன் விளைவு பல வருடம் கழித்துத் தலைகாட்டும் என்பதும் அப்படித்தான். கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணிகளுக்கு ஒரு காலத்தில் டிஇஎஸ் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். அவர்கள் பெற்ற பெண்களில் சிலருக்கு இளம் வயதிலேயே அரிய புற்றுநோய் வந்தது 1971-இல்தான் வெளியே தெரிந்தது.

சில பிளாஸ்டிக்குகள் செய்யப் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம், ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடந்துகொள்ளும் என்று 1936-லேயே தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பால்புட்டியிலிருந்து விலக்கியது 2011-இல். அன்றாடம் உடம்பில் சேரலாம் என்று வைத்திருந்த அளவை 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 20,000 மடங்கு குறைத்தது. பழைய அளவை நம்பி வளர்த்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? சரி, அதை எடுத்துவிட்டார்கள் என்று பார்த்தால், கிட்டத்தட்ட அதே அமைப்புள்ள பிஸ்பீனால் எஸ் சில பொருட்களில் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஒன்றைத் தடுத்தால் அதன் பங்காளி உள்ளே வருகிறான். ஒவ்வொன்றாகத் துரத்தி முடிப்பதற்குள் இந்தப் பிள்ளைகளே பிள்ளை பெற்றுவிடுவார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: நறுமணம் என்ற சொல்லுக்குள் இருப்பதையெல்லாம் புட்டியின் மேல் எழுத வையுங்கள். அப்புறம், ஒரே குடும்பத்து ரசாயனங்களைச் சேர்த்தே கட்டுப்படுத்துங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு ஆறு மாதம் இருக்கிறது. அப்போதும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் போவேன். அதற்குள் முதல் கோரிக்கையையாவது தயவுசெய்து நிறைவேற்றுங்கள். மருத்துவர் படித்துப் பார்க்க அதில் ஏதாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்