பரணியில் மிஞ்சிய எண்ணெய்

தக்கலை,
ஜூன் 15.

அன்புள்ள ரோஸிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல். ஈஸ்டருக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் எழுதாததற்குச் சோம்பலைக் காரணம் சொல்ல மாட்டேன். வெட்கமே காரணம். "இளையவளின் தலையை இன்னும் எண்ணெய்க் கடையாகத்தான் வைத்திருக்கிறாயா?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். அதற்கு நேர்மையாகப் பதில் எழுதுவதென்றால், தலைக்கு எண்ணெய் வேண்டுமா வேண்டாமா என்று விடுதி நாட்களிலிருந்து நாம் நடத்திவரும் வழக்கில் நான் தோற்றுவிட்டேன் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். எழுதிவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

மே மாதப் பிற்பாதியில் ஒரு மாலை என் இளைய மகள் தன் பின்னலை ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். இடுப்பைத் தாண்டிக் கிடந்த முடி, தோள் மட்டத்தில் நின்றது. மாமி அதைப் பார்த்துவிட்டு, துட்டி வீட்டில் உட்கார்வதுபோலத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் காகிதத்தைப் பிரித்தபோது, முந்தின இரவு நானே தேய்த்துவிட்ட காய்ச்சிய எண்ணெய் செய்தித்தாளில் எழுத்துகளை ஊடுருவி மறுபக்கம் வரை ஊறியிருந்ததைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. "கழுவவும் முடியல, காய வைக்கவும் முடியல, சொறிஞ்சு சொறிஞ்சு நகத்துல ரத்தம் வருது, நீ கேக்கவே மாட்டேங்கிற" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் தலையை விளக்கடியில் வகிடு பிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். எண்ணெய் தேய்ப்பதற்காக இருபது வருடங்களாக அந்தத் தலையைத் தொட்டிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் பார்த்ததில்லை. வகிடு நெடுகச் சிவந்து, மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான செதில்கள் படிந்திருந்தன.

மறுநாளே நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மெலிந்த உருவம், கண்டிப்பான குரல். நம் கணக்கு டீச்சரின் மறுபிறவி என்று வைத்துக்கொள். நான் அவரிடம், "தலை மிகவும் வறண்டு செதில் செதிலாக உதிர்கிறது, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் போதவில்லை" என்றேன். அவர் ஒரு டிஷ்யூ காகிதத்தை இளையவளின் உச்சியில் ஒற்றி எடுத்து என்னிடமே கொடுத்தார். உளுந்தவடையைப் பொதிந்துவைத்த காகிதம்போல இருந்தது. "இது வறண்ட தலையா?" என்று கேட்டார். மூன்று நாட்களாகப் பேருந்திலும் சமையலறையிலும் நான் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

பொடுகு என்றால் வறட்சி, வறட்சிக்கு மருந்து எண்ணெய் என்பதுதானே நமக்குத் தெரிந்த பாடம். அது பாதித் தலைகளுக்குக்கூடப் பொருந்தாது போலிருக்கிறது. தலைத்தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் கொழுப்பைத் தின்று வாழ்கிற மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை ஒன்று உன் தலையிலும் என் தலையிலும் எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாத பிராணி அது. கொழுப்பை உடைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஒலீயிக் அமிலம் போன்ற மிச்சத்தைத் தோலின்மேல் விட்டுவிடும். சிலருடைய தோல் அதைப் பொறுத்துக்கொள்ளும். சிலருடையது பொறுக்காமல் சிவந்து, அரித்து, வேகவேகமாகச் செதில்களை உதிர்க்கும். அந்தச் செதில்களின்மேல் நாம் எண்ணெய் வைத்தால் அவை ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆகா, பொடுகு போய்விட்டது என்று மகிழ்ந்து, இரண்டு நாள் கழித்து மறுபடியும் தெரிந்ததும் மறுபடியும் எண்ணெய் வைப்போம். இன்னொன்றும் சொன்னார்: ஆய்வகத்தில் இந்த ஈஸ்டை வளர்க்க வேண்டுமானால் வளர்ப்பூடகத்தின்மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவார்களாம். நான் ஆய்வகம் இல்லாமல், சம்பளம் வாங்காமல், தக்கலையில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஜீரணித்துவிட்டேன். ஜீரணிக்க முடியாதது வேறொன்று. உனக்குத்தான் என் தலையின் பழைய வரலாறு தெரியுமே. என் தலையணை உறையைப் பிழிந்தால் ஒரு கூட்டு தாளிக்கலாம் என்று நீதானே விடுதி முழுவதும் பரப்பினாய். அந்தத் தலை என் நாற்பத்தொன்பதாம் வயதில் அடங்கியது. அரிப்பு நின்றது, பிசுபிசுப்பு போயிற்று. அந்த வருடம்தான் மாமி தம் தாய் வீட்டுப் பக்குவத்தை எனக்குச் சொல்லித் தந்தார்கள்: தேங்காய்ப்பாலை உருக்கி எடுத்த எண்ணெயில் கையாந்தகரைச் சாறும் செம்பரத்திப் பூவும் கறிவேப்பிலையும் இட்டு, நுரை அடங்கி மணல் பதத்தில் இறக்குவது. அந்த எண்ணெய்தான் என் தலையைக் குணமாக்கியது என்று நான் சத்தியம் செய்யாத வீடு இந்தத் தெருவில் கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் இளையவளின் தலையில் இரவு தவறாமல் அதை ஊற்றினேன். மருத்துவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் என் வயதைக் கேட்டார். பிறகு மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டார். நான் சொன்னேன். "அதுதான் காரணம்" என்றார். இந்தச் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் சொல்லைக் கேட்டு நடப்பவை. பருவமடையும்போது விழித்துக்கொண்டு இளவயதில் முழு வேகத்தில் சுரந்து, பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு மெல்ல மெல்லக் குறைகின்றன. ஆண்களுக்கு இன்னும் பல காலம் குறையாமல் சுரக்கும் என்பதை உன் வீட்டுக்காரரிடம் சொல். ஆக, என்னைக் குணமாக்கியது என் வயது. அதன் புகழையெல்லாம் பரணி ஜாடியில் இருந்த எண்ணெய் வாங்கிக்கொண்டது. அடங்கிப்போன என் தலைக்கு ஒத்துக்கொண்டதை, கொதித்துக்கொண்டிருக்கிற இருபது வயதுத் தலையில் ஊற்றினேன். அவள் நெற்றியோரத்தில் சிறு சிறு பருக்களாக வந்ததற்கும் முடியிலிருந்து வழிகிற எண்ணெய் ஒரு காரணமாம். அதற்கு நான் முகத்துக்குக் கடலைமாவு பூசிவிட்டுக்கொண்டிருந்தேன், ரோஸி. இதை நினைத்து இரண்டு இரவுகள் தூங்கவில்லை.

போகட்டும். இப்போது என்ன செய்கிறோம் என்று எழுதுகிறேன். முதல் நான்கு வாரங்களுக்கு கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 2 சதவீதம் கலந்த ஷாம்புவை வாரம் இரண்டு முறை தலைத்தோலில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். ஐந்து நிமிடம் என்பது குளியலறைக்குள் நிற்கிற பிள்ளைக்கு ஒரு யுகம்; முதல் வாரம் அவள் ஒரே நிமிடத்தில் அலசிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்றாள். இப்போது வெளியே கடிகாரத்தோடு நான் நிற்கிறேன். நடுவில் இரண்டு நாட்கள் சாதாரண ஷாம்பு. அதையும் நாம் போடுவதுபோல உச்சியில் கொட்டி, முடியை மேலே குவித்துத் துணி துவைப்பதுபோலக் கசக்கக் கூடாது. கையில் கொஞ்சம் எடுத்து நீரில் குழைத்து, நன்றாக நனைந்த தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, நகம் படாமல் விரல் நுனிச் சதையால் தேய்த்தால் போதும். அழுக்கும் எண்ணெயும் தோலில்தான் இருக்கின்றன. நுனிமுடிக்கு வழிந்து வருகிற நுரையே தாராளம். கண்டிஷனர் போடுவதானால் காதுக்குக் கீழே உள்ள பாகத்துக்கு மட்டும்.

நாலு நாள் தலை குளிப்பதா என்று நானும் உன்னைப் போலவே பதறினேன். அடிக்கடி கழுவினால் சுரப்பி கோபித்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று எனக்கு ஓர் அழகு நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். சொல்லிவிட்டுச் சூடான எண்ணெயில் ஒரு மசாஜும் செய்து காசு வாங்கிக்கொண்டார்கள். சுரப்பி இரத்தத்தில் ஓடுகிற ஹார்மோனைக் கேட்கிறதே தவிர, ஷாம்பு புட்டியை எட்டிப் பார்ப்பதில்லை என்று மருத்துவர் சொன்னார். முடி கொட்டுகிற பயமும் இருந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் வழக்கம்தான். அவள் ஐந்து நாளைக்கு ஒருமுறை குளித்தபோது, ஐந்து நாள் உதிர்வும் ஒரே நாளில் வடிகாலில் வந்து சுருண்டு என் வயிற்றைக் கலக்கியிருக்கிறது. இப்போது நாள்விட்டு நாள் குளிப்பதால் சிறு சுருளாக வருகிறது.

இந்த ஊர்ப் பக்குவங்கள் எல்லாவற்றையும் நான் தூக்கி எறிந்துவிடவில்லை. சீயக்காயில் நுரைக்கிற சத்து உண்டு. எண்ணெயை ஓரளவு எடுக்கும். ஆனால் தூளை நன்றாகச் சலிக்காமல் தேய்த்தால் அதன் துகள்கள் புண்ணான தோலில் போய் ஒட்டிக்கொள்கின்றன. செம்பரத்தி இலையை அரைத்த தாளி தலைக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. இத்தனை எண்ணெய்க்கு அதன் வழுவழுப்பு ஈடுகொடுக்காது. எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசாதே. ஒரு தடவை சொறிந்த தலையில் அதைத் தேய்த்துவிட்டு, அவள் போட்ட கூச்சலுக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

மாமியின் பெரிய பயம் நீரிறக்கம். அடிக்கடி தலை நனைந்தால் நீர் இறங்கிச் சளியும் தலைவலியும் வரும் என்று, அவள் குளித்து வரும்போதெல்லாம் உச்சியில் தேய்க்கிற ராஸ்னாதிப் பொடிச் சிமிழோடு வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. தென்மேற்கையும் வடகிழக்கையும் இரண்டு மழையையும் வாங்குகிற மாவட்டத்தில் இடுப்பளவு முடி என்றைக்கு முழுதாக உலர்ந்தது? ஈர முடியைத் தோர்த்துத் துண்டால் சுற்றிக் கொண்டையாக்கி, பாதி ஈரத்தில் பின்னி, அதன்மேல் தோவாளைப் பிச்சியையும் சூடி அனுப்பினேன். அதற்கும் மேலே ஹெல்மெட். ஸ்கூட்டரில் நாகர்கோவில் கல்லூரிக்குப் போய்ச் சேருவதற்குள் உள்ளே அடுப்பில் வைத்த இட்லித் தட்டுபோல வெந்திருக்கும். இப்போது இரவு எட்டு மணிக்கு முன்பு குளித்து, விசிறிக்கு நேரே உட்கார்ந்து தோல் வரை உலர்ந்த பிறகுதான் படுக்கை. ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்றித் துவைக்கலாம் என்பதே எனக்கு இந்த மாதம்தான் தெரியும். துவைத்த நீரின் நிறத்தை உனக்கு எழுத மாட்டேன், நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். தலையணை உறை வாரம் இருமுறை மாறுகிறது, சீப்பு சோப்புநீரில் ஊறுகிறது.

நீ அவளுக்கு அனுப்பிய உலர் ஷாம்பு புட்டி பத்திரமாக இருக்கிறது. மாவுபோல எண்ணெயை உறிஞ்சி ஒரு காலைப்பொழுதுக்கு மானத்தைக் காக்கும், அவ்வளவுதான். அதைக் குளியலாக எண்ணி மூன்று நாள் தொடர்ந்து தூவினால் பழைய கதைதான். தேர்வு நாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

நான்காம் வாரம் வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது. சிவப்பு பெருமளவு அடங்கிவிட்டது, அரிப்பு இரவில் மட்டும் சற்று எட்டிப் பார்க்கிறது. இது ஒரேயடியாகத் தீர்ந்துபோகிற நோய் அல்ல, அடங்கும், திரும்பும், அதனால் பிறகும் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஷாம்பு தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இளையவள் இதை என்னைவிட நன்றாக ஏற்றுக்கொண்டாள். குட்டை முடி அவளுக்குப் பொருந்தியும் இருக்கிறது என்பதை மாமி இல்லாத நேரத்தில் அவளிடம் ஒருமுறை சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வகிடு எடுத்துப் பாரும்மா" என்று தலையைக் குனிந்து கொடுத்தாள்.

பரணியில் இன்னும் இரண்டு லிட்டர்போல எண்ணெய் இருக்கிறது. தேங்காய் விற்கிற விலையில் அதைக் கொட்ட மனம் வரவில்லை. தேங்காயெண்ணெய்மேல் குற்றமில்லை என்பதும் உண்மை: 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், கழுவும்போது முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். அது முடிக்கு உரியது. நான் அதைத் தோலுக்கு ஊற்றினேன். குளிப்பதற்கு அரைமணி முன்னால் நுனிமுடியில் மட்டும் தடவிக்கொள்ள இளையவளுக்கு ஒரு சின்னக் குப்பி போதும். மிச்சம் உனக்கு. எண்ணெயே காணாமல் வைக்கோல்போல நிற்கிற உன் சுருட்டை முடிக்கு இது ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன். ஒரு தலைக்குச் சொன்னதை மறு தலைக்குச் சொல்லிப் பட்டது போதும் என்பதால், முதலில் நுனியில் தொட்டுப் பார்த்து எழுது.

என் அண்ணன் மகன் அடுத்த வாரம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மூடியை மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறேன், சாய்க்காமல் வாங்கிக்கொள்.

உன்
செக்கு