கரண்ட் இருக்கிறது, மேட்ச் இல்லை

டெ மொய்ன், அயோவா
மே 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போன வாரம் போனில் "அங்க கரண்ட் போகுமா?" என்று கேட்டீர்கள். "போகாதுப்பா" என்று சொல்லிவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். முப்பது வருடம் ஈபியில் லைன்மேனாக இருந்தவருக்கு அது பதிலாகாது என்று பிறகுதான் உறைத்தது. போனில் நீங்கள் 'ம்' கொட்டுவதோடு சரி. கடிதம் என்றால் நாலு தடவை படிப்பீர்கள் என்று அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

இங்கே கரண்ட் போவது அபூர்வம். ஆனால் 'பிளாக்அவுட்' உண்டு. அது வேறு வகை: கரண்ட் இருக்கும், மேட்ச் மட்டும் காட்டமாட்டார்கள்.

மார்ச் கடைசியில் பேஸ்பால் சீசன் தொடங்கியது. நம் கிரிக்கெட்டுக்கு அது சித்தப்பா பிள்ளை மாதிரி, முகஜாடை இருக்கும், குணம் வேறு. முப்பது அணிகள், ஆளுக்கு வருடம் 162 ஆட்டம். ஆபீஸில் எல்லோரும் இதையே பேசுகிறார்கள், நானும் கற்றுக்கொள்வோமே என்று இணையத்தில் ஆட்டம் பார்க்க ஒரு சந்தா கட்டினேன். சனிக்கிழமை உப்புமாவும் காபியுமாக உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எப்போதும் சிகாகோ கப்ஸ் தொப்பி போட்டிருப்பார், அதனால் முதலில் அந்த அணியை அமுக்கினேன். 'உங்கள் பகுதியில் இந்த ஆட்டத்தைக் காட்ட இயலாது' என்று வந்தது. சரி, செயின்ட் லூயிஸ். அதே வாசகம். கான்சாஸ் சிட்டி, மின்னசோட்டா, மில்வாக்கி, சிகாகோவின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸ், எல்லாம் இருட்டு. நியூயார்க் யாங்கீஸ் மட்டும் பளிச்சென்று ஓடியது. நியூயார்க்கில் எனக்கு யாரைத் தெரியும்?

வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டால், அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் ஜிப் கோடு என்ன?" நம்மூர் பின்கோடு மாதிரி. சொன்னேன். "அதுதான் காரணம்" என்றாள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு அணியும் தன் வட்டாரத்து ஒளிபரப்பை ஒரு வட்டாரச் சேனலுக்கு விற்றுவிடும். 'எங்கள் எல்லைக்குள் வேறு யாரும் இதைக் காட்டக்கூடாது' என்பதற்காகத்தான் அந்தச் சேனல் பெரும் தொகை கொடுக்கிறது. அயோவாவுக்கென்று பெரிய லீக்கில் ஓர் அணிகூட இல்லை. ஆனால் சுற்றியுள்ள ஆறு அணிகளும் இந்த ஊரைத் தங்கள் எல்லை என்று கோடு போட்டிருக்கின்றன. கான்சாஸ் சிட்டி இங்கிருந்து 300 கிலோமீட்டர், சிகாகோ 500-க்கு மேல். மில்வாக்கி ஏறக்குறைய நாசரேத்திலிருந்து சென்னைக்குப் போகிற தூரம். இத்தனை தூரத்தில் இருக்கிற நான் 'உள்ளூர்க்காரன்'. கப்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் போய் ஆடினாலும் எனக்கு இருட்டுதான். ஆறு மாமா இருக்கிற பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை எடுக்க ஆளில்லாத கதை. ஆட்டம் முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்க்கலாமாம். ஆறின கஞ்சி.

கேபிளில் அந்தச் சேனல்களை வாங்கலாமே என்பீர்கள். என் குடியிருப்புக்கு வருகிற கேபிளில் அவை இல்லை. போதாததற்கு, இந்த ஆறில் நாலு அணிகளின் ஒளிபரப்பை வைத்திருக்கிற நிறுவனம் மார்ச்சில் திவால் மனு கொடுத்திருக்கிறது. ஆபீஸில் ஒரு பையன், கம்ப்யூட்டர் வேறு ஊரில் இருப்பதாகக் காட்ட ஒரு வழி சொன்னான். விசாவில் இருக்கிறவன் இருக்கிற ஊரை மறைப்பதா, வேண்டாம் சாமி என்று விட்டுவிட்டேன்.

பெரியவரிடம் புலம்பினேன். டிராக்டர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உங்களைப் போலவே பேச்சு குறைவு. ஆனால் இதைத் தொட்டதும் மடை திறந்தது. அமெரிக்கக் கால்பந்தில் இன்னும் மோசமாக இருந்ததாம். 1972 வரை, டிக்கெட் முழுக்க விற்றாலும் சொந்த ஊர் ஆட்டம் அந்த ஊர் டிவியில் வராது. டிவியில் காட்டினால் மைதானம் காலியாகிவிடும் என்ற பயம். நியூயார்க் ஆட்கள் 75 மைல் தாண்டிக் கனெக்டிகட்டில் மோட்டலில் அறை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1972 டிசம்பரில் ஜனாதிபதி நிக்சனே ப்ளேஆஃப் ஆட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டும் லீக் மசியவில்லை. அடுத்த வருடம் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: 72 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் விற்றுத் தீர்ந்தால் காட்டியாக வேண்டும். விற்காத வாரம் பழையபடி இருட்டு. 2015-ல்தான் அந்த லீக் அதையும் நிறுத்தி வைத்தது. அங்கே டிக்கெட்டுக்காக இருட்டு, பேஸ்பாலில் சேனலுக்காக இருட்டு.

இன்னொன்று சொன்னார், அதை உங்களுக்கு எழுதத்தான் இவ்வளவும். 1930-களில் இந்த ஊர் ரேடியோவில் கப்ஸ் ஆட்டத்துக்கு வர்ணனை சொன்னவர் சிகாகோவுக்கே போகமாட்டாராம். தந்தியில் வருகிற நாலு எழுத்தைப் பார்த்துக்கொண்டு, வெயில், கூட்டம், மட்டைச் சத்தம் எல்லாம் தானாகச் சேர்த்துச் சொல்வாராம். ஒருநாள் தந்தி நின்றுவிட்டது. மட்டைக்காரர் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டுகிறார், மறுபடியும் வெளியே தட்டுகிறார் என்று நிமிடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். பிற்பாடு ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்தான் அவர்! எனக்கு சட்டென்று நம் வீட்டுத் திண்ணை, டிரான்சிஸ்டர், சென்னை டெஸ்ட், சாத்தான்குளத்து அப்துல் ஜப்பார் குரல் எல்லாம் வந்துவிட்டது. அவர் மைதானத்தில் இருந்து சொன்னார், அது வேறு. கேட்ட நமக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது சாயங்காலம் பெரியவர் வீட்டு வராந்தாவில் ரேடியோ கேட்கிறேன். அதை யாரும் தடுப்பதில்லை. போன ஞாயிறு கப்ஸின் ஜூனியர் அணி ஆட்டத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் மைதானம், எதிரே சட்டமன்றத்தின் தங்க நிறக் கோபுரம்.

அம்மாவின் கால்வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தங்கச்சியிடம் ஃபீஸ் ரசீதை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மேட்ச் நடக்கும்போது கரண்ட் போனால் தெருவே நம் வீட்டு வாசலில் நின்று கத்துமே. 96-ல் கல்கத்தா அரையிறுதி அன்று, சச்சின் அவுட்டாகி விக்கெட் சரசரவென்று விழுந்தபோது, நம் தெருவுக்கு மட்டும் கரண்ட் போனது. நீங்கள் வெகுநேரம் கழித்துக் கையில் ஃபியூஸ் கேரியரோடு வந்தீர்கள். அது தானாகப் போனதா, நீங்கள் பிடுங்கினீர்களா?

அன்புடன்,
உங்கள் மகன்