செயலாளர் ஆண்டறிக்கை: ஹோஸ்ட்கள் சங்கம்

எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம் பெரும்பாலும் நடந்துச்சு, ரெண்டு தடவை மட்டும் ஆள் சேராம தள்ளிப்போச்சு. தீ பாதுகாப்பு பத்தி ஒரு வகுப்பு வச்சோம், நல்லபடியா முடிஞ்சுது.

விரிவா சொல்லணும்னா, ஏர்பிஎன்பி ஆப்ல நாம வாடகைக்கு விடுற வீட்ல தங்கிட்டுப் போற கெஸ்ட் எழுதுற ரிவ்யூக்கு பதில் எழுதுற வேலையைப் பத்திதான். இத ஆரம்பிச்சது நான், "இதெல்லாம் சங்கத்து வேலையா"ன்னு கேட்டவங்களும் இத முழுசா படிக்கணும். முறை ரொம்ப சிம்பிள். மனசு நோகுற மாதிரி ரிவ்யூ வந்தா, பதிலை முதல்ல நம்ம குரூப்ல போடணும், ரெண்டு பேர் பாத்து சொன்னப்புறம்தான் வெளிய போகணும். ஏர்பிஎன்பில பதில் போட 30 நாள் டைம் தர்றாங்க, அப்புறம் எதுக்கு ராத்திரியோட ராத்திரியா கோவத்துல டைப் பண்ணணும்?

ஒரு மெம்பருக்கு 3 ஸ்டார் வந்துச்சு, சுடுதண்ணி வர ரொம்ப நேரமாச்சு, போன் பண்ணா எடுக்கலன்னு. அவங்க எழுதி அனுப்புன பதில் ஒரு பக்கம், "நீங்க வந்ததே லேட்டு"ன்னு ஆரம்பிச்சு சிங்க்ல விட்டுட்டுப் போன பாத்திரம் வரைக்கும் எல்லாம் இருந்துச்சு. அவங்க சொன்னது அத்தனையும் உண்மைதான், ஆனா அந்த கெஸ்ட் திரும்ப வந்து அத படிக்கப் போறதில்ல, அடுத்து புக் பண்ணலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்கதான் படிப்பாங்க. உக்காந்து மாத்துனோம்: "காக்க வச்சதுக்கு மன்னிச்சிடுங்க. ஹீட்டர் தூரத்துல இருக்கறதால தண்ணி சூடாக நேரமாகும், அத நாங்க முன்னாடியே சொல்லல. இப்ப வீட்டு விவரத்துல சேத்துட்டோம், அவசரத்துக்கு இன்னொரு நம்பரும் குடுத்திருக்கோம்." அவ்ளோதான். பாத்திர விஷயத்த அந்த கெஸ்ட்டுக்கு நாம எழுதுற ரிவ்யூல சொல்லியிருக்கணும், அதுக்கு செக்அவுட்லேர்ந்து 14 நாள்தான் டைம், ரெண்டு பக்கமும் எழுதுற வரைக்கும், இல்லன்னா அந்த 14 நாள் முடியற வரைக்கும், யாரோடதும் வெளிய தெரியாது. அந்த மெம்பர் அந்த 14 நாளை விட்டுட்டாங்க, எனக்கு அதுதான் இன்னும் மனசு ஆறல.

நல்ல ரிவ்யூக்கும் இதே கவனம் வேணும். "நன்றி, மீண்டும் வருக"ன்னு ஒரே வரிய எல்லாருக்கும் ஒட்டாதீங்க, பால்கனி புடிச்சுதுன்னு எழுதுனா அந்த பால்கனியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. கெஸ்ட் யாரோட வந்தாங்க, உடம்புக்கு என்னங்கறதெல்லாம் எந்தப் பதில்லயும் வரவே கூடாது. காசு திருப்பித் தரலன்னா மோசமா எழுதுவேன்னு யாராவது மிரட்டினா அத ஆப் மெசேஜ்லயே பேசுங்க, போன்ல பேசுனா கையில ஆதாரம் இருக்காது.

இவ்ளோ பண்ணியும் வருத்தம் என்னன்னா, தன் ரிவ்யூ வந்தா அர்த்தராத்திரில கூட "அண்ணா, கொஞ்சம் பாருங்க"ன்னு அனுப்புறவங்க, அடுத்தவங்க பதிலைப் படிச்சு சொல்லச் சொன்னா ப்ளூ டிக்கோட நிக்கிறாங்க. படிக்கிறது அதே நாலு பேர்தான். கூட்டத்துக்கும் வர்றதில்ல, சந்தாவும் பாதிப் பேருக்கு மேல பாக்கி, மூணு தடவை ஞாபகப்படுத்தியாச்சு.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு கொஞ்சம் இருக்கு, விவரம் பொருளாளர் அக்காகிட்ட கேட்டுக்கலாம். தலைவருக்கும், கூட்டத்துக்கு இடம் குடுத்தவங்களுக்கும், வகுப்பு எடுத்தவங்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் இந்தப் பொறுப்புல இருப்பேனான்னு இப்ப சொல்ல முடியல, வீட்லயும் வேலை கூடிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு பதில் படிச்சுத் தர ஆறு பேர் முன்வந்தா இந்த வேலை நிக்காம நடக்கும். பேர் குடுக்கறவங்க இந்தக் கூட்டம் முடியறதுக்குள்ள குடுத்துடுங்க, சந்தா பாக்கியும் அப்படியே.