பீமனுக்கு வீடு கிடைத்துவிட்டது: நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் மீட்ட நாய் பீமன் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவனைப் பார்க்காதவர்களுக்கு: எடை 42 கிலோ. கிரேட் டேன் கொஞ்சம், லாப்ரடார் கொஞ்சம், மீதி கடவுளுக்கே வெளிச்சம். யார் வந்தாலும் பக்கவாட்டில் வந்து நின்று, முழு எடையையும் நம் காலில் சாய்த்துவிடுவான். நாம் ஓரடி நகர்ந்தால் அவனும் ஓரடி நகர்ந்து மறுபடி சாய்வான், சுவர் வரும்வரை. வாலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தாழ்வான மேசையில் டம்ளர் வைப்பதையே நாங்கள் விட்டுவிட்டோம்.

முதல் நன்றி கால்நடை மருத்துவருக்கு. மீட்டு வந்தபோது விலா எலும்பை எண்ணிவிடலாம், ஈறு வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. 28 நாளுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்து, "துள்ள ஆரம்பித்துவிட்டான் என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்" என்று அழுத்திச் சொன்னார். உடம்பு தேறிய பிறகுதான் தடுப்பூசி, கருத்தடை எல்லாம். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் சாப்பாட்டைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கவும், சாப்பிட்ட கையோடு ஓடவிடாமல் இருக்கவும் எங்களைப் பழக்கியவர் அவர்தான். புது வீட்டுக்கும் அதை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

படம் எடுத்துக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. நாங்கள் எடுத்ததெல்லாம் முகம் மட்டும். அதைப் பார்த்து வந்தவர்கள் வாசலிலேயே பின்வாங்கினார்கள். தம்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் அவனை நிற்க வைத்து எடுத்தார். விசாரிப்புகள் சட்டென்று குறைந்தன. நல்லதாகப் போயிற்று, அப்புறம் கூப்பிட்டவர்களெல்லாம் அவன் அளவு தெரிந்தே கூப்பிட்டவர்கள்.

அடுத்த நன்றி, "வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கு. கிண்டல் இல்லை. நடை பழகும் குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். பீமன் சாய்ந்தான், குழந்தை பொத்தென்று உட்கார்ந்து சிரித்தது, எழுந்தது, மறுபடியும் உட்கார்ந்தது. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் இப்போது முடியாது" என்றார்கள். இன்னொருவர் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுவிட்டு அன்றைக்கே மறுப்பைச் சொன்னார். ஆசையில் கூட்டிப்போய்ச் சில வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டால், மனிதர்களோடு ஒட்டிக்கொள்ளும் இந்த மாதிரி நாய் எப்படிச் சுருண்டுபோகும் என்பது மீட்பு வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நிலை அவனுக்கு வராமல் காத்தது நீங்கள்தான்.

வீடு பார்க்கப் போன அக்கா மதில் உயரத்தை அளந்தார், கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார், பகலில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். இவ்வளவு குடைய வேண்டுமா என்று சிலர் முணுமுணுத்தது எனக்கும் காதில் விழுந்தது. வேண்டும்.

வண்டி ஓட்டிய அண்ணன் அவனைக் குதிக்க விடவில்லை. மூட்டுக்கு ஆகாது என்று சொல்லி, சாய்வாகப் பலகை போட்டு ஏற்றி இறக்கினார்.

இப்போது அவனை வைத்திருக்கும் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு வயதான பெண் நாய் உண்டு. இரண்டையும் வீட்டுக்குள் சந்திக்க வைக்காமல், வெளியே ஒரு பொது மைதானத்தில் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நடத்தினார்கள். அவள் ஒருமுறை உறுமினாள், இவன் தரையோடு படுத்துவிட்டான். யார் பெரியவர் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. அவர்களின் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணையும் அவர்கள் பெயருக்கு மாற்றியாயிற்று.

போய்ப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். கொஞ்ச நாள் பொறுங்கள், அந்த வீடு அவனுக்குப் பழகட்டும். நானே போகவில்லை.

பெரிய கூண்டு ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. அடுத்து யாராவது இவன் அளவு நாயை மீட்டால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பலகை வேண்டுமென்றால் மட்டும் வண்டி அண்ணனிடம் கேளுங்கள், அது அவருடையது.