அம்மா கால் நனைக்கும் தூரத்தில்

ஃப்ரீமாண்ட்

அன்புள்ள நித்யா,

ஹவாயில் கவாய் தீவில் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்க நீ அனுப்பிய மூன்று வீடுகளையும் நேற்று இரவு அம்மா தூங்கின பிறகு உட்கார்ந்து பார்த்தேன். போனில் சொல்லலாம் என்றால் உனக்கு எப்போதும் நடுவில் ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. எனக்கும் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். ஒரு வாரம் லீவு போட்டு பாஸ்டனிலிருந்து அவ்வளவு தூரம் வருகிறேன் என்று நீயாகவே சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் கண்ணு. இனி வீட்டு விஷயம்.

2011 டிசம்பரில் நாம் கவாய் போனது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ ஏழாம் வகுப்பு. வடக்குக் கரையில் ஹாயெனாவில் நான்தான் வீடு பிடித்தேன். படத்தில் கண்ணாடி மாதிரி நீலக் கடல். அது கோடையில் எடுத்த படம் என்பது எனக்குத் தெரியவில்லை. குளிர்காலத்தில் வட பசிபிக் புயல்கள் கிளப்பும் அலைகள் நேராக அந்தக் கரையில்தான் வந்து விழும். இருபது அடிக்கு மேல் எழும்பும் நாள்களும் உண்டு. கோடையில் குழந்தைகள் நீந்தும் அதே இடத்தில் டிசம்பரில் கணுக்கால் நனைப்பதே ஆபத்து. வீட்டுக்கு 22 படிகள் வேறு. 1946-லும் 1957-லும் வந்த சுனாமிகள் ஹாயெனாவைப் புரட்டிப்போட்டன. அதனால் அங்கே கரையோர வீடுகளைத் தூண் மேல் தூக்கித்தான் கட்டுகிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் முட்டிவலியோடு ஒருத்தி அந்தப் படிகளை எப்படி ஏறி இறங்குவாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மழை. ஹனலே ஆறு பெருகியதும் பாலத்தை மூடிவிட்டார்கள். ஊருக்குள் போக வர அந்த ஒரு வழிதான். பிரெட்டும் ஊறுகாயுமாக ஓட்டினோம், நீ அதைப் பெரிய சாகசமாகக் கொண்டாடினாய். அம்மா ஏழு நாளும் மாடித் திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்செந்தூரில் பிறந்து, பள்ளிக்கூடம் விட்டதும் கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று சொல்லும் பெண். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இந்த முறை அம்மா யார் கையையும் பிடிக்காமல், தானாக நடந்துபோய் அந்தக் கடலில் கால் வைக்க வேண்டும். வீடு பார்க்கும்போது எனக்கு இருக்கிற கணக்கு இது ஒன்றுதான். முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. சமதரையில் நன்றாக நடக்கிறாள். படி என்றால்தான் இன்னும் பயம்.

உன் முதல் வீடு பிரின்ஸ்வில்லில் இருக்கிறது. ஊர் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது மொத்தமும் செங்குத்தான மேட்டின் மேல் இருக்கிற ஊர். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். மணலுக்கு இறங்க வேண்டுமானால் வழுக்கும் மண்பாதை. குளிர்காலத்தில் வடக்குக் கரை வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, கிலாவெயா பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிற வீடு. விலை குறைவு என்று நீ எழுதியிருந்தாய். விளம்பரத்தை மறுபடி பார், அனுமதி எண் எங்கேயும் இல்லை. கவாயில் நினைத்த வீட்டையெல்லாம் நாள் வாடகைக்கு விட முடியாது. போயிபு, பிரின்ஸ்வில், கிழக்குக் கரையில் ஒரு பகுதி என்று சுற்றுலாவுக்காகக் குறித்த வட்டாரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே, 2008-இல் வந்த சட்டத்துக்கு முன்பிருந்தே நடத்தி, அதற்கான சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டும்தான் விடலாம். அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும். எண் இல்லாத வீட்டை அதிகாரிகள் நடுவில் மூடினால் நம் பணமும் போய் இருக்க இடமும் போகும். அதைவிடவும் எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. அந்தத் தீவில் மொத்தமே எழுபதாயிரத்துச் சொச்சம் பேர். அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் குடியிருக்க வீடு கிடைக்காமல் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிடுகிற ஊர் அது. ஒரு குடும்பம் வாழ வேண்டிய வீட்டில் நாம் ஒரு வாரம் சும்மா தங்கிவிட்டு வருவதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்து, ஐம்பது டாலர் கூடப் போனால் போகட்டும். அந்த உரிமையாளர் பணத்தை நேராக வங்கிக்கு அனுப்பச் சொன்னார் என்றாயே, அது ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல.

மூன்றாவதுதான் சரியான இடம், போயிபு. தெற்குக் கரை. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மழை மேகங்களை நடுவில் இருக்கிற மலைகள் தடுத்துவிடுகின்றன. உலகத்திலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான வாயலேயலே சிகரம் அங்கேதான் இருக்கிறது. மலைக்கு மேல் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது போயிபுவில் வெயில் அடிக்கும். தெற்கில் அலை பெரிதாவது கோடையில்தான். ஜனவரியில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். திமிங்கிலங்களும் அப்போது வரும், கரையிலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் நீ பிடித்திருக்கும் கான்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, மூன்றாம் மாடி, 'ஓஷன் ஃப்ரண்ட்'. இந்த வார்த்தையைக் கவனி. ஹவாயில் ஓஷன் ஃப்ரண்ட் என்றால் கடலை ஒட்டிய இடம், அவ்வளவுதான். அங்கே மணல் இருக்க வேண்டும் என்றில்லை. போயிபுவில் அப்படிச் சொல்லும் பல கட்டடங்களுக்கு முன்னால் இருப்பது கறுப்பு எரிமலைப் பாறை. அலை அதில் மோதித் தெறிப்பது பார்க்க நன்றாக இருக்கும், இறங்க முடியாது. வரைபடத்தில் வான்படத்தைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கட்டடத்துக்கு முன்னாலும் பாறைதான். மணலுக்கு எதிரே என்றால் 'பீச் ஃப்ரண்ட்' என்று போடுவார்கள், வாடகையும் எகிறும். அதுவும் நமக்குத் தேவையில்லை. ஹவாயில் கடற்கரை எல்லாம் பொதுச்சொத்து. எவ்வளவு பெரிய ஹோட்டலாக இருந்தாலும் முன்னால் இருக்கிற மணலை அடைத்துவைக்க முடியாது. ஆகவே கடல் தெரியாத, தோட்டம் பார்த்த, தரைத்தளத்து வீட்டை எடுப்போம். போயிபு பீச் பார்க்குக்கு நடந்துபோகிற தூரம் போதும். உன் மூன்றாவது லிங்க்கில் இருக்கிற நிர்வாகத்திடமே அந்த மாதிரி ஒன்று இருக்கிறது. இரவுக்கு நூறு டாலர் குறைவு.

அவர்களிடம் நீ நேரடியாகப் பேசி இவற்றைக் கேள். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி? ஒரு படி என்றாலும் சொல்லச் சொல். குளியலறையில் தொட்டியைத் தாண்டி ஏற வேண்டுமா, நேரே நடந்து போகலாமா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? ஏசி உண்டா? பழைய கான்டோக்களில் காற்றை நம்பி விட்டுவிடுவார்கள், ஜனவரியில் அது பரவாயில்லை. பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்றும் கேள், அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் ரத்து விதி. அம்மா உடம்பு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. முப்பது நாள் முன்னால் சொன்னால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பணக்கணக்கில் ஒன்று. பட்டியலில் போடும் வாடகையை மட்டும் பெருக்கிப் பார்க்காதே. மாநிலத் தங்கும் வரி இந்த 2026 ஜனவரியிலிருந்து 11 சதவீதம், கவாய் கவுன்ட்டிக்கு 3, அதற்கு மேல் பொது வரி 4.5. இரவுக்கு 400 டாலர் என்று ஏழு இரவுக்கு 2,800, சுத்தம் செய்ய 300 என்று வைத்துக்கொள். 3,100-க்கு வரி மட்டும் 570 டாலரைத் தாண்டிவிடும். பதிவு செய்யும் இணையதளத்தின் கட்டணம் அதற்கு மேல். கிறிஸ்துமஸ் வாரம் என்று எழுதியிருந்தாய். அப்போது எல்லாமே உச்ச விலை. ஜனவரி கடைசி வாரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஆபீஸில் கேட்டுப் பார். காரையும் வீட்டோடு சேர்த்தே பதிவு செய்துவிட வேண்டும். கார் இல்லாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுற்ற முடியாது.

போயிபு பீச் பார்க்கில் உயிர்காப்போர் இருக்கிறார்கள். காலையில் போனதும் முதலில் அவர்களிடம்தான் கடல் எப்படி என்று கேட்பது. சிவப்புக் கொடி கட்டிவிட்டால் நீச்சல் தெரிந்த நீயும் இறங்கக் கூடாது. மழைக்கு அப்புறம் கடல் செம்மண் நிறமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். ஆற்று அழுக்கெல்லாம் அதில் இருக்கும். அங்கே மணலில் மங்க் சீல் என்கிற கடல்நாய்கள் வந்து படுத்துத் தூங்கும். உலகத்தில் மிச்சமிருப்பதே ஏறக்குறைய 1,600. பதினைந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். சன் ஸ்கிரீனில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் இல்லாததாக வாங்கு. பவளப் பாறைகளைக் கெடுக்கும் என்று 2021-லிருந்து ஹவாயில் அவற்றை விற்கவே தடை.

ஒரு நாள் கிழக்குக் கரைக்கு. வைலுவாவில் லிட்கேட் பூங்கா இருக்கிறது. கடலுக்குள்ளேயே கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பிக் குளம் மாதிரி செய்திருக்கிறார்கள். வெளியே அலை அடித்தாலும் உள்ளே தண்ணீர் லேசாக ஆடும். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நிற்க அதைவிடப் பத்திரமான இடம் அந்தத் தீவில் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கிருந்து கவாய் ஆதீனம் பக்கம்தான். போன முறை பாலம் மூடியதால் அதுவும் தவறிப்போனது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடரான அமெரிக்கர் சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970-இல் தொடங்கிய மடம். கணபதி ஸ்தபதி வடிவமைத்து, பெங்களூருப் பக்கம் கையால் செதுக்கிக் கப்பலில் கொண்டுபோன கருங்கல்லில் எழுந்த இறைவன் கோயிலுக்கு 2023-இல் கும்பாபிஷேகம் ஆனது. உள்ளே ஸ்படிக லிங்கம். வெளியாருக்குக் காலையில் கொஞ்ச நேரம்தான் அனுமதி, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். போயிபுவிலிருந்து போகும்போது காபா பக்கத்து நெரிசலுக்கு நேரம் விட்டுக் கிளம்பணும்.

சமையல் அம்மாவுக்குச் சிரமம் இல்லை. அரிசி இல்லாத கடை ஹவாயில் கிடையாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சின்ன குக்கர் நாங்கள் எடுத்து வருகிறோம். நீ பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவராதே. செடி, பழம் பற்றிப் படிவம் நிரப்பச் சொல்வார்கள், பூச்சி நோய்க்கு அவ்வளவு பயப்படுகிற தீவு அது. திரும்பும்போதும் பெட்டிகளைச் சோதிப்பார்கள். அன்னாசி கொண்டுபோகலாம், மாம்பழம் கூடாது. ஹனலே பள்ளத்தாக்கில் வயல்களில் தண்ணீர் கட்டிச் சேப்பங்கிழங்கு போடுகிறார்கள். மேலே சாலையோரத்தில் நின்று பார்த்தால் நம் நாற்றங்கால் மாதிரியே தெரியும். மழை இல்லாத ஒரு நாள் அதுவரை மட்டும் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஹவாய் மக்களின் கதைப்படி ஆகாயத் தகப்பனுக்குக் குறைப்பிரசவத்தில் பிறந்த மூத்த பிள்ளையைப் புதைத்த இடத்தில் முளைத்ததுதான் அந்தச் செடி. மனிதன் அதற்குத் தம்பி. அதனால் கிழங்கை அண்ணன் என்று மதிப்பார்கள். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

விடுமுறையின் கடைசி நாளைப் பற்றி ஒன்று. வீட்டைக் காலை பத்து, பதினோரு மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள், உன் விமானம் இரவில். அன்றைக்கு அம்மா படுக்க இடமில்லாமல் போகும். ஒரு இரவு கூடுதலாக எடுத்துவிடு, அந்தச் செலவு என்னுடையது. விமர்சனங்களில் சேவல் கூவுகிறது, தூக்கம் போச்சு என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வீட்டைத் தள்ளிவிடாதே. அந்தத் தீவு முழுக்கக் காட்டுக்கோழிதான். விடியுமுன் எழுந்து கோழிச் சத்தத்தோடு காபி குடிக்க அம்மாவுக்குப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் தரைத்தளத்து வீடு காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வை. எந்த வீடு என்று அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு, அவள் தூங்கியிருப்பாள்.

அன்புடன்,
அப்பா