பின்பக்கக் கேட்டைத் திறந்து வையுங்கள், மாமா

சின்சினாட்டி, அமெரிக்கா,
டிசம்பர் 5, 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நான், அவர், பிள்ளைகள் எல்லாரும் நல்ல சுகம். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் பங்குனிப் பொங்கல் கச்சேரி பற்றிச் சொன்னதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. சென்னையிலிருந்து டிவியில் பாடுகிற பிள்ளைகளை நம் ஊருக்குக் கூட்டி வருகிறீர்கள் என்றதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அடுத்த வாக்கியமே வயிற்றைக் கலக்கிவிட்டது. "சுத்துப்பட்டு ஊர்லருந்தெல்லாம் சனம் வரும், அதான் பள்ளிக்கூட மைதானத்துல வச்சு, முன் கேட்டு ஒண்ண மட்டும் திறந்து, டோக்கன் பாத்து உள்ள விடுறதா கமிட்டியில முடிவு பண்ணிட்டோம்" என்றீர்கள். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வேண்டியது நாலு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை. அதனால்தான் ரொம்ப நாளைக்கப்புறம் பேனா எடுத்திருக்கிறேன்.

இங்கே பனிக்காலம் தொடங்கிவிட்டது. சாயங்காலம் ஐந்தரைக்கே ஊர் இருட்டிவிடும். நைட் டூட்டிக்கு நான் போகிற பஸ் ஒஹாயோ நதிக்கரை வழியாகத்தான் போகும். நதிக்கு அந்தப் பக்கம் கென்டக்கி மாநிலம். இரண்டுக்கும் நடுவே 1866-ல் கட்டி முடித்த தொங்கு பாலம் ஒன்று நீல நிறத்தில் நிற்கிறது. அதற்குக் கொஞ்சம் தள்ளிக் கரையோரம் ஒரு பெரிய உள்ளரங்கம். இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரிவர்ஃப்ரண்ட் கொலிசியம் என்று பெயர். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் வரை எனக்கு அது வெறும் கட்டிடம்தான்.

எங்கள் வார்டில் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். ஒரு டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி, டீ குடிக்கிற இடத்தில், நான் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீ நேரில் கேட்டதிலேயே மோசமான கச்சேரி எது?" என்றார். நான் ஒரு கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ராவைச் சொன்னேன். மைக் கூவும், பாடகருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது, அவ்வளவுதான் என் கணக்கு. அவர் சொன்னார்: "நான் கேட்டதில் பாட்டு மிக நன்றாக இருந்தது. வாசலில்தான் பதினோரு பேர் செத்துக் கிடந்தார்கள்."

1979, டிசம்பர் 3, திங்கட்கிழமை. இங்கிலாந்திலிருந்து 'தி ஹூ' என்ற ராக் இசைக்குழு வந்திருந்தது. அப்போது உலகத்திலேயே பெயர் பெற்ற குழுக்களில் அதுவும் ஒன்று. 18,000-க்கும் மேல் டிக்கெட் விற்றிருக்கிறது. அதில் பெரும்பகுதிக்கு நாற்காலி எண் கிடையாது. முதலில் உள்ளே ஓடுகிறவனுக்கு மேடைக்குப் பக்கத்தில் இடம். அதனால் மத்தியானத்திலிருந்தே பிள்ளைகள் வந்து வாசலில் கூட ஆரம்பித்துவிட்டார்கள். ஏழு மணிக்குக் கதவு திறக்க வேண்டும், எட்டு மணிக்குக் கச்சேரி. பெரியவருக்கு அன்று 17 வயது. அக்காவோடு போயிருக்கிறார்.

ஏழு மணி வாக்கில் உள்ளேயிருந்து கிடார், டிரம்ஸ் சத்தம் கேட்டதாம். குழுவினர் மைக்கும் கருவிகளும் சரிபார்த்துக்கொண்டிருந்த சத்தம் அது. வெளியே நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். அவ்வளவு பெரிய கட்டிடத்தில், வரிசையாக இருந்த கதவுகளில், மிகச் சிலவற்றைத்தான் திறந்திருக்கிறார்கள். டிக்கெட் கிழிக்க ஆள் போதவில்லை. எல்லாக் கதவையும் திறந்தால் டிக்கெட் இல்லாதவன் நுழைந்துவிடுவானே என்ற பயம் வேறு. மாமா, உங்கள் டோக்கன் விஷயத்தைக் கேட்டதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதலில் கைகளைத் தூக்க முடியாமல் போனதாம், பிறகு கால் தரையில் இல்லையாம். அவர் நடக்கவில்லை, கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. முன்னால் நின்ற பெண்ணின் முடி இவர் வாய்க்குள். மூச்சை வெளியே விட்டால் திரும்ப உள்ளே இழுக்க நெஞ்சு விரியவில்லை. அதனால் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நாய் இளைக்கிற மாதிரி மூச்சு விட்டிருக்கிறார். அந்தக் கடுங்குளிரில் கூட்டத்துக்கு மேலே எல்லார் மூச்சும் ஆவியாக எழும்பி நின்றதாம். அக்காவின் கை எப்போது விட்டது என்று தெரியவில்லை. ஒரு நேரம் கதவு வழியாக உள்ளே துப்பி எறியப்பட்டார். பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை.

இதற்கு மேல்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் ஒற்றைச் செருப்போடு போய் உட்கார்ந்து கச்சேரி முழுவதும் கேட்டிருக்கிறார். கைதட்டியிருக்கிறார். அவருக்குத் தெரியாது. மேடையில் பாடியவர்களுக்கும் தெரியாது. பாதியில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் கூட்டம் கலவரமாகிவிடும் என்று அதிகாரிகள் கச்சேரியை நடக்க விட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் குழுவினரிடம் சொன்னார்கள். பெரியவர் வெளியே வந்தபோது வாசல் தளம் முழுக்கச் செருப்பும் கோட்டும் மஃப்ளரும் சிதறிக் கிடந்திருக்கின்றன. தன் செருப்பைத் தேடலாம் என்று குனிந்திருக்கிறார். போலீஸ்காரர் ஒருவர் தோளைத் தொட்டு, "வீட்டுக்குப் போன் பண்ணு தம்பி, உன் அம்மா தேடிக்கொண்டிருப்பார்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா வேறு வாசல் வழியாகப் பிழைத்து வந்துவிட்டாள். இருவரும் வீடு போனபோது அவர்கள் அம்மா டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு, அந்தக் குளிரில் தெருவிலேயே நின்றிருந்தாராம்.

செத்தவர்கள் பதினோரு பேர். 15 வயதிலிருந்து 27 வயது வரை. மறுநாள் பேப்பர்களில் தறிகெட்டு ஓடிய கூட்டம் மிதித்துக் கொன்றது என்கிற மாதிரி எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளைக் காட்டுமிராண்டிகள் என்றே எழுதினவர்களும் உண்டு. மாமா, நான் நர்ஸ், இதை நான் அடித்துச் சொல்வேன்: அவர்கள் மூச்சு முட்டிச் செத்தவர்கள். நெஞ்சை நாலு பக்கமும் அழுத்தினால் நுரையீரல் விரிய இடமில்லை. நின்றுகொண்டே நினைவு போகும், விழவும் இடமிருக்காது. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் அதற்கப்புறம் யாருக்கும் தன் உடம்பு தன் வசம் இல்லை. கண்மாய்த் தண்ணீர் மாதிரி மொத்தமாக இப்படியும் அப்படியும் ஆடும். முன்னால் ஒருவர் சாகிறார் என்பது பத்தடி பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியாது. அவனும் வெறுமனே ஒரு எட்டு முன்னே வைக்கிறான், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள்மேல் பழி போட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கதவைப் பூட்டி வைத்தவர்கள் பெரியவர்கள்.

அந்த மாதமே, டிசம்பர் 27-ஆம் தேதி, நகரசபை நாற்காலி எண் இல்லாத டிக்கெட்டை இந்த ஊரில் தடை செய்தது. 2004-ல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். அந்தக் குழு இந்த ஊரில் மறுபடி பாட வந்தது 2022-ல், 42 வருஷம் கழித்து. அரங்கத்துக்கு வெளியே பதினோரு பேரின் பெயரும் பொறித்த நினைவுப் பலகையை 2015-ல்தான் வைத்தார்கள். இறந்தவர்களில் மூன்று பேர் பின்னிடவுன் என்கிற ஒரே பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே அவர்கள் பெயரில், இசையும் கலையும் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாட்டுக் கேட்கப் போய்ச் செத்த பிள்ளைகள் பெயரில் இன்னொரு பிள்ளை பாட்டுப் படிக்கிறது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது நடக்காது என்று கமிட்டியில் யாராவது சொன்னால், 2021-ல் டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனில் ஒரு திறந்தவெளிக் கச்சேரியில் இதே மாதிரி நெரிசலில் பத்துப் பேர் போனதைச் சொல்லுங்கள். அதில் ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயது.

முந்தாநாள் டூட்டிக்குப் போகும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி அந்தப் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். 45 வருஷம் ஆகிவிட்டது. யாரோ பூ வைத்திருந்தார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுப் படித்தேன். உலோகம் ஐஸாக இருந்தது.

அங்கே நின்றபோது எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது மாமா. உங்களுக்கு நினைவிருக்கிறதா, எனக்கு ஒன்பது வயது இருக்கும். முளைப்பாரி அன்று ராத்திரி இன்னிசைக் கச்சேரி. சவுக்குக் கட்டை கட்டின வழியில் போகும்போது கரண்ட் போய்விட்டது, கூட்டம் நெருக்கியது. என் முகம் யாரோ ஒரு அம்மாவின் இடுப்புச் சேலையில் புதைந்துபோனது. மஞ்சள், வியர்வை, நசுங்கின மல்லிகைப்பூ, எல்லாம் சேர்ந்த வாசம். கத்த வாயைத் திறந்தால் துணிதான் உள்ளே வந்தது. அப்போது மேலேயிருந்து ஒரு கை என் இரண்டு அக்குளிலும் கொடுத்துத் தூக்கியது. உங்கள் தோளில் உட்கார்ந்து நான் விட்ட முதல் மூச்சு இன்னும் எனக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் அந்தக் கட்டையை உதைத்து ஒடித்து வழி விட்டதற்காகக் கமிட்டிக்காரர்கள் உங்களிடம் சண்டை போட்டார்கள். இப்போது அந்தக் கமிட்டிக்கு நீங்களே தலைவர்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் சத்துணவுக் கூடத்தை ஒட்டி ஒரு இரும்புக் கேட் உண்டே, நான் படிக்கும்போதே துருப்பிடித்துப் பூட்டிக் கிடந்தது. அதைச் சரிபண்ணி, கச்சேரி ஆரம்பிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே இரண்டு கேட்டையும் விரியத் திறந்துவிடுங்கள். டோக்கனைக் கேட்டில் பார்க்க வேண்டாம், ரோட்டிலேயே தள்ளித் தள்ளி நாலு இடத்தில் பார்த்து அனுப்புங்கள். சனம் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு மைக் டெஸ்டிங் பண்ணச் சொல்லுங்கள், இல்லையென்றால் சனம் வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். மைதானம் நிரம்பிவிட்டால் வெளியே இருக்கிறவர்களுக்குத் தெருவில் ஒரு திரை கட்டிக் காட்டலாம். கச்சேரி முடியும்வரை இரண்டு கேட்டிலும் பூட்டு இருக்கக் கூடாது. சாவி உங்கள் மடியில் இருக்கட்டும்.

கேட்டைச் சரிபண்ணவும் திரைக்கும் ஆகிற செலவு என்னுடையது. இந்த மாதச் சம்பளம் வந்ததும் தம்பி கணக்கில் போட்டுவிடுகிறேன். வெல்டிங் பட்டறைக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். ஹெட்மாஸ்டர் யோசித்தால் நானே அவரிடம் போனில் பேசுகிறேன்.

பங்குனிக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்குமா தெரியவில்லை. சின்னவளுக்கு இப்போது ஒன்பது வயது. வந்தால் அவளும் அந்த மைதானத்துக்குத்தான் வருவாள்.

அத்தைக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
செல்வி